சுடுமண்ணில் எழுந்த உயர்திணை

கோலாலம்பூரில் தமிழர் மிகுந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ் பகுதி செங்கற் சூளைகளால் பெயர் பெற்றது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக இருந்த அன்றைய ஊரை அழித்தன. பின்னர் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டுமென்று ஆணையிட்டார். களிமண் கிடைத்த அவ்விடத்தில் சூளைகள் புகைந்தன. சூளைகள் மறைந்துவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சூளை மறைந்தாலும் சுடுமண்ணின் உறவு இவ்வட்டாரத் தமிழரை விட்டு நீங்கவில்லை. கோலா சிலாங்கூர்ப் பக்கத்தில் தமிழ்க் குயவர் தலைமுறையாகப் பானை வனைந்து வந்திருக்கின்றனர். தை பிறப்பதற்கு முன் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் பொங்கற் பானைகள் அடுக்கடுக்காக விற்பனைக்கு வருகின்றன. தோட்டங்களின் எல்லையில் முனீசுவரரும் ஐயனாரும் மண்ணிலும் சுதையிலும் நிற்கின்றனர். பானை, செங்கல், தெய்வம் ஆகிய மூன்றுக்கும் தமிழன் ஒரே மண்ணைப் பிசைந்தான் எனலாம்.

இதே மண்ணைக் கொண்டு, இலங்கைத் தமிழ் மரபில் பிறந்த ஒரு சிற்பி இன்று உலகின் பெருங் கலைக்கூடங்களில் ஒரு கேள்வியை எழுப்பி வருகிறார். ஆண் என்றும் பெண் என்றும் வகுத்த வரம்புக்குள் அடங்காத மனிதருக்கு உரிய வடிவம் யாது என்பதே அக்கேள்வி. அவர் பெயர் ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன். அவர் வாழ்வது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில். ஆயினும், ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலை அறிந்த மலேசியத் தமிழருக்கு, அவர் வந்த வழியும் அவர் ஆளும் வடிவங்களும் அயலானவை அல்ல.

மண் தெய்வமாகும் முறை

சிற்பியை அறியுமுன் அவர் கையாளும் பொருளை அறிதல் நன்று.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் ஐயனாருக்குப் புரவி எடுக்கும் விழாவில், ஊரார் முதலில் குயவரிடம் பிடிமண் கொடுப்பர். அந்த ஒரு பிடி மண்ணே வேலைக்குத் தொடக்கம். வேளார் எனப்படும் அக்குயவர், களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார். குதிரையின் கால்களைக் குழாய் போல உள்ளீடின்றி வனைந்து நிறுத்தி, அவை சற்று இறுகியபின் உடலைப் படிப்படியாக ஏற்றுவார். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் ஈரமண் தன் பாரத்தைத் தானே தாங்காமல் சரிந்துவிடும். சுவர் தடித்துப்போனால், உள்ளே தங்கிய ஈரம் சூளைச் சூட்டில் ஆவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும். உமி எரிந்து விடும் நுண்துளைகளும் மணலின் கரடுமே அதனைக் காக்கின்றன. பின்னர் வைக்கோலும் விறகும் வறட்டியும் மூட்டிச் சுடுவர். வனைந்தவரே பல ஊர்களில் பூசாரியாகவும் நின்று தெய்வத்துக்குக் கண் திறப்பார்.

மேலைநாட்டு முறையில் இதற்கு மேல் ஒரு படி உண்டு. ஒருமுறை சுட்ட உருவத்தின்மீது, மணற்சத்தும் உலோகப் பொடிகளும் கலந்த குழம்பைப் பூசி மீண்டும் சூளையில் இடுவர். அது உருகிக் கண்ணாடிபோல் படியும். செம்பு பச்சையையும், கோபால்ட் நீலத்தையும், இரும்பு பழுப்பையும் தரும். இதனைக் கண்ணாடிப் பூச்சு என்று சொல்லலாம். உருகும்போது இப்பூச்சு வழிந்தோடும். ஒரு நிறம் மற்றொன்றில் கலக்கும். எவ்வளவு தேர்ந்த கைக்கும் முடிவு சூளையின் வசமே. நித்தியேந்திரனின் கலைக்கு இந்த வழிதலும் கலத்தலும் இன்றியமையாதவை.

சிற்பியின் வரலாறு

நித்தியேந்திரன் 1988-இல் கொழும்பில் பிறந்தார். இனப்போர் மூண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. இந்து மரபும் கிறிஸ்தவ மரபும் கலந்த குடும்பம் அவருடையது; ரமேஷ், மாரியோ என்னும் இரு பெயர்களே அதற்குச் சான்று. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்று, 2013-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவர் முதலில் பயின்றது ஓவியமும் வரைதலுமே. மண்ணுக்குப் பின்னரே வந்தார்.

2015-இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த மட்கலைப் பரிசாகிய சிட்னி மையர் நிதியப் பரிசு, முப்பது வயது நிரம்பாத இவருக்குக் கிடைத்தது. 2016-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 'மண் மனிதர்' என்று பொருள்படும் தலைப்பில் இவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 2020-இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் 'அவதாரக் கோபுரங்கள்' எனும் பெருந்தொகுதி எழுந்தது. சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் அமைந்த ஏறத்தாழ 70 உருவங்கள் அதில் அடங்கும். 2023-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டிராம்வே கலைக்கூடத்தில் 'மண்ணும் நீருமான படிமங்கள்' எனத்தக்க காட்சி நடந்தது.

'அவதாரக் கோபுரங்கள்' எத்தகையது என்பதை மலேசியத் தமிழருக்கு விளக்குதல் எளிது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தில் 228 சுதை உருவங்கள் உள்ளன என்பர். தெய்வம், துவாரபாலகர், பூதகணம், விலங்கு எல்லாம் நெருக்கியடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, பல நிறத்தில் எழுந்து நிற்கும். அந்த நெருக்கமும் நிறமும் அடுக்கும் சிட்னிக் கூடத்தில் மண்ணிலும் உலோகத்திலும் மறுபிறவி எடுத்துள்ளன.

உருவங்களும் நிறங்களும்

இவருடைய உருவங்களுக்குப் பல தலைகள், பல கைகள், பல கண்கள் உண்டு. பற்கள் துருத்தி நிற்கும். சிலவற்றில் உண்மையான மனித மயிரும் மணிகளும் பதிந்திருக்கும். ஒரே உடலில் மார்பும் ஆண்குறியும் ஒருங்கே அமையும். முதன்முறை காண்போர் திடுக்கிடுவர்.

திடுக்கிட்டவர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல கைகளும் பல தலைகளும் கோயிலில் அன்றாடம் கும்பிடப்படுவன. துருத்திய பல்லும் உருட்டிய விழியும் எல்லைச்சாமியின் இலக்கணம். இலிங்க வழிபாட்டின் தொன்மையையும், சமயங்கள் ஆண்குறியைப் புனிதமாக்கியும் மறைத்தும் வந்த வரலாற்றையும் இவர் ஆராய்ந்து, அதனைத் தம் தொடக்ககாலப் படைப்புகளுக்குப் பொருளாகக் கொண்டார். ஒரே உடலில் ஆணும் பெண்ணும் அமைந்த கோலமோ, திருச்செங்கோட்டு மலையில் மூலவராகவே வீற்றிருக்கும் அர்த்தநாரீசுவரர் கோலம். ஐயனாரையே எடுத்துக்கொள்வோம். புராண மரபில் அவர் அரிகரபுத்திரர்; மோகினி வடிவம் கொண்ட அரிக்கும் அரனுக்கும் பிறந்தவர். நம் தோட்டத்தின் எல்லையைக் காக்கும் காவலரின் பிறப்புக் கதையிலேயே பால் மாறுதல் பேசப்படுகிறது.

நித்தியேந்திரன் தம்மை வெளிப்படையாகப் பால்புதுமையினர் என்று சொல்லிக்கொள்பவர். ஆங்கிலத்தில் 'குயர்' என வழங்கும் சொல்லுக்கு அண்மைக்காலத் தமிழில் வழங்கும் சொல் இது. முன்பு இழிசொல்லாக எறியப்பட்ட அந்த ஆங்கிலச் சொல்லை, அதற்கு ஆளானவர்களே எடுத்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டனர். இதில் இருவேறு செய்திகள் அடங்கியுள்ளன. ஒருவர் யாரை விரும்புகிறார் என்பது ஒன்று. ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இரண்டிலும் அடங்காதவராக உணர்கிறாரா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் பிழை. தன்பால் விரும்பும் ஆண், ஆணே. திருநங்கை, பெண்ணாகவே தம்மை உணர்பவர். இரு திறத்தாரும் வழக்கமான வரம்புக்குப் புறத்தே தள்ளப்பட்டவர் என்பதால் ஒரு பெயரின்கீழ் வருகின்றனர்.

இவரிடம் ஓவியனின் கை எங்கே தெரிகிறது எனின், பூச்சில் தெரிகிறது என்க. அருவ ஓவியம் என்பது மரம், முகம், வீடு எனப் பெயர் சொல்லத்தக்க எதையும் வரையாமல், நிறத்தாலும் கோட்டாலும் பரப்பாலும் மட்டுமே பேசும் ஓவியம். நித்தியேந்திரனின் உருவத்தை அணுகி, ஒரு சாண் பரப்பை மட்டும் நோக்கினால், முகமும் மார்பும் மறைந்து, பச்சையும் மஞ்சளும் ஊதாவும் வழிந்து கலந்த அருவ ஓவியமே கண்ணில் படும். எட்டி நின்றால் அது மீண்டும் உடலாகும். நிறம் எல்லைக்கோட்டை மதிக்காமல் வழிகிறது. உடலும் தனக்கு இட்ட எல்லைக்கோட்டை மதிக்காமல் நிற்கிறது. சொல்லவந்த கருத்தைப் பொருளே செய்து காட்டுகிறது.

இவருக்கு முன்னோடி இந்தியாவில் இல்லாமலில்லை. பம்பாயில் 1934-இல் பிறந்து பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர், கணக்காளர் தொழில் செய்துகொண்டே ஓவியம் தீட்டியவர். 1981-இல், 'எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது' என்று பொருள்படும் ஓவியத்தில், கழுதையோடு நடந்த தந்தை மகன் கதையை மாடியில் நின்று நோக்கும் ஆடையற்ற மனிதனை வரைந்தார். ஊரார் சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்த ஒருவர் தம் தன்பால் விருப்பத்தை ஒளிக்காமல் நிற்கத் துணிந்ததன் அடையாளமாக அவ்வோவியம் மதிக்கப்படுகிறது. அஃது இன்று இலண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமை. கக்கர் 2003-இல் மறைந்தார்.

இலக்கண நூல் சொல்வது

இத்தகைய மனிதரைப் பற்றித் தமிழ் என்ன சொல்லிற்று? இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டா. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே விடை இருக்கிறது.

அவ்வியலின் 4-ஆம் நூற்பா இரு வகைப் பெயர்களை எடுத்துக்கொள்கிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஒன்று. தெய்வத்தைக் குறிக்கும் பெயர் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தமக்கெனத் தனி ஈறு கிடையாது; உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே ஏற்று வழங்கும் என்பது அதன் கருத்து. 12-ஆம் நூற்பா, ஆண்மை திரிந்தவரைச் சுட்டும் பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதல் பொருந்தாது என்கிறது.

தொல்காப்பியர் அவர்களைத் தெய்வம் என்றாரல்லர். இரு பெயர்களுக்கும் சொல் முடிபு ஒத்திருத்தலின் ஒருங்கு வைத்தார். எனினும், மக்களுட் சிலரை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களை உயர்திணையில் வைத்தார்; தெய்வத்துக்கு அருகே வைத்தார். இன்று சிட்னியில் ஒரு சிற்பி மண்ணால் செய்வதை, நம் முதல் இலக்கண நூல் சொல்லால் செய்திருக்கிறது.

பவணந்தி முனிவரின் நன்னூலும் பெயரியலில் இதைத் தொடுகிறது. பெண்மை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால் என்றும், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புபவர் பெண்பால் என்றும் அது வகுக்கிறது. ஒருவரின் பாலைத் தீர்மானிப்பது அவரது விருப்பமே என்னும் இக்கருத்து பதின்மூன்றாம் நூற்றாண்டினது என்பது வியப்புக்குரியது. ஆனால் அதே நூற்பா, இவ்விருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்று முடிகிறது. ஒரு கதவு திறந்த அதே இடத்தில் மற்றொரு கதவு சாத்தப்பட்டது. மனிதரை 'அது' என்று சொல்லும் வழக்குக்கு இலக்கணம் இடம் தந்துவிட்டது.

இலக்கியத்திலும் இந்த இருமை உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பேடு; தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்க வாணன் நகரில் காமன் பேடி வடிவில் ஆடியது. கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் அரவானைக் கணவனாக எண்ணித் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுகின்றனர். விழாவில் அவர்களைக் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது. விழா முடிந்து வீடு தேடினால் பலர் வாடகைக்குக் கொடுப்பதில்லை. பழைய மரபு எல்லாரையும் அணைத்துக்கொண்டது என்று பெருமை பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இடம் தந்தது உண்மை, இழித்ததும் உண்மை.

சட்டம் வந்த வழி

குற்றம் என்னும் முத்திரை எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கிற்று. அதே வாசகம் அவர்கள் ஆண்ட மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகுந்தது. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365-ஆம் பிரிவாக அமர்ந்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்கு அப்பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியது. தமிழ்நாட்டு அரசு 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து, பால்புதுமையினரைக் கண்ணியமாகச் சுட்டும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. சொல்லைத் திருத்துவதிலிருந்து தொடங்கியது தமிழுக்கு ஏற்ற தொடக்கமே.

மலேசியாவில் நிலை வேறு. தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. கோலாலம்பூர் பசார் செனியை ஒட்டிய அனெக்ஸ் கலைக்கூடத்தில் 2008 முதல் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' எனும் கலைவிழா நடந்தது. 2011-இல் காவல்துறை அதனைத் தடைசெய்தது. 2018 ஆகஸ்டில், ஜார்ஜ் டவுன் விழாக் கண்காட்சியிலிருந்து இரு செயற்பாட்டாளரின் உருவப்படங்கள் அமைச்சர் ஒருவரின் சொற்படி அகற்றப்பட்டன. ஆகவே நித்தியேந்திரனைப் போன்ற ஒருவர் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ பிறந்திருந்தால், அவரது கலை எந்தக் கூடத்தில் நின்றிருக்கும் என்பது எளிதில் விடை காணத்தக்க கேள்வியன்று.

ஓர் ஐயம்

தெய்வ வடிவங்களை இவ்வாறு ஆளுவது பக்தரின் மனத்தைப் புண்படுத்தாதா என்று கேட்பது நேர்மையான கேள்வி. நித்தியேந்திரன் இறைநம்பிக்கையாளர் அல்லர்; அதை அவர் மறைத்ததுமில்லை. அவர் செய்தவை வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களும் அல்ல. விதிப்படி சடங்கு செய்து, கண் திறந்து, தெய்வத்தை எழுந்தருளச் செய்த பின்னரே படிமம் வணங்கத்தக்கதாகும் என்பது நம் கோயில் மரபு. பிடிமண் வாங்காமல், பூசையில்லாமல், கூடத்தில் நிற்கும் சுடுமண் உருவம் சிற்பமே. குறிப்பிட்ட எந்தத் தெய்வத்தின் பெயரையும் இட்டு அவர் எள்ளவில்லை. பல மரபுகளிலிருந்து கூறுகளை எடுத்துத் தாமே புதிய படிமங்களைப் படைக்கிறார். அவை எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முரட்டுத்தனமும் கேலியும் அவற்றில் உண்டு. பிடிக்காதவரும் அவற்றின் வேர் எங்கே ஓடுகிறது என்பதை அறிந்து மறுப்பதே அறிவுடைமை.

இந்தச் செய்தி கலைக்கூடத்தோடு முடிவதன்று. திணையும் பாலும் தமிழ் இலக்கணத்தின் முதற்பாடம். ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், பேடு பற்றிய நூற்பாக்கள் வரும்போது விரைந்து கடந்துவிடுவதுண்டு. அல்லது வகுப்பு சிரிப்பதைக் கண்டும் காணாமலும் விடுவதுண்டு. அச்சிரிப்பில் கலந்துகொள்ள முடியாமல், பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இருக்கக்கூடும். தன்னைப் பற்றி நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தொல்காப்பியர் அவனுக்கு உயர்திணையில் இடம் வைத்துள்ளார் என்பதை நிறுத்தி, தெளிவாக, ஒரு முறை சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.